இரவில் என்ற சொல்

வீரையடிக்குளத்தில் இரண்டாவது விதிதான் முதலில் எழுதப்பட்டது.

கரும்பலகையின் மேற்பகுதியில் முதலாவது விதிக்கு இடம் விட்டிருந்தார்கள். அதற்குக் கீழே முன்பள்ளி ஆசிரியை கமலாசனியின் கையெழுத்தில், பிள்ளைகளுக்கு எழுதுவதுபோல் உருண்டை உருண்டையாக, அது இருந்தது. ஒருவரைப் பற்றி அவர் கேளாத இடத்தில் தீர்மானம் எடுக்கக் கூடாது.

சொன்னவர் ஆண்டியப்பன். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து லொறியில் ஏற்றி வன்னியில் இறக்கப்பட்ட குடும்பம்.

"எங்கள ஏத்துனாங்க, எறக்குனாங்க. எங்க போறம்னு ஒருத்தரும் சொல்லல" என்றார்.

விவாதம் நடக்கவில்லை. கைகள் உயர்ந்தன. கூட்டம் நடந்த அந்த முன்பள்ளிக் கொட்டிலில் இருந்த எல்லாரைப் பற்றியும் யாரோ எங்கோ ஓர் அறையில் எப்போதோ தீர்மானித்திருந்தார்கள்.

முதலாவது விதி அப்படி இலகுவாக வரவில்லை.

ஊர் சிறியது. ஒரு குளம், குளத்தைச் சுற்றிக் கொஞ்ச வீடுகள், பிறகு காடு. வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலான எல்லைக்கோடு குளத்தின் நடுவால் போகிறது என்று சொன்னார்கள். தண்ணீரில் அது தெரியவில்லை. எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் மற்றக் கந்தோரைக் காட்டினார்கள். சில வருடங்கள் அலைந்தபின் அலைவதை விட்டார்கள். உடைந்த குளக்கட்டைத் தாங்களே கட்டினார்கள். வாய்க்காலைத் தாங்களே வெட்டினார்கள். மிஞ்சியிருந்தது சட்டம். அதையும் தாங்களே எழுதுவதென்று ஒரு நாள் முடிவானது.

முதலாவது விதி, ஊரவர் யார் என்பது.

அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. வெயில்காலச் சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் பாதிதான் இருக்கும். அப்போது கடைசி வயல்கள் வரை பாயாது. அதனால் குளத்து மதகான துருசுக்குப் பக்கத்தில் உள்ள வயல்களை மட்டும் விதைத்து, அவற்றை ஊரவர் எல்லாருக்கும் சமமாகப் பிரிப்பார்கள். ஊரவர் என்றால் பங்கு உண்டு. இல்லையென்றால் அந்தப் போகத்தில் காய்ந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

"இஞ்ச பிறந்தவை" என்று ஒருவர் முதலில் சொன்னார்.

"அப்ப நான் போறன்" என்றார் தலைவர் பரமலிங்கம். அவர் வடமராட்சியில் பிறந்து, தாயின் இடுப்பில் குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர்.

"காணி உறுதி இருக்கிற ஆக்கள்."

யாரிடம் இருக்கிறது என்று கமலாசனி கேட்டாள். வந்திருந்தவர்களில் ஒருவரிடமும் இல்லை. உறுதி வைத்திருந்தவர்கள் வான் வண்டியில் வருபவர்கள். குளத்தோரத்துத் துண்டுகளை நகரத்தில் இருந்து வந்து வாங்கியிருந்தார்கள். கம்பிவேலி அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மிசின் வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். மிசின் சத்தம் நின்றதும் வான் போய்விடும். குளம் ஒரு விரல் இறங்கியிருக்கும்.

"கனகாலம் இருக்கிற ஆக்கள்" என்றார் வேறொருவர்.

எல்லாரும் அரைச்சுவரோரம் இருந்த றம்லாவைப் பார்த்தார்கள். பிறகு பார்க்காததுபோல் குளத்தைப் பார்த்தார்கள். அவளுடைய கணவன் நிஸாரின் தகப்பன் கலந்தர் காடு வெட்டிய வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரையும் வடக்கை விட்டுப் போகச் சொன்னார்கள். போனார்கள். கலந்தர் புத்தளத்தில் மௌத்தாகி அங்கேயே அடக்கமானார். மகனும் மருமகளும் திரும்பி வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன.

"ஒரு நாளும் இடம்பெயராத ஆக்கள் எண்டு போடுவம்" என்றார் ஆண்டியப்பன். "சோலி முடிஞ்சிரும். ஊருல ஒருத்தரும் இருக்கமாட்டம். கொரங்குகளுக்கு வயலக் குடுத்திட்டுப் போவம்."

சிரித்தார்கள். அந்தக் கூட்டம் அப்படியே கலைந்தது. அடுத்ததும் அப்படித்தான்.

வைகாசி பிறந்தது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று புழுதியைத் தூக்கிக்கொண்டு வயல்வெளியில் நடந்தது. இரண்டு நாளில் துருசு திறக்க வேண்டும். அதற்குள் பங்கு பிரிக்க வேண்டும். அதற்குள் விதி வேண்டும்.

அன்று காலை பரமலிங்கம் கதிரையிலிருந்து எழுந்து நின்றார்.

"ஆர் இஞ்ச நித்திரை கொள்ளினமோ, அவை ஊரவை."

கூரைத் தகரத்தின் உட்புறத்தில் குளத்து வெளிச்சம் அலைந்துகொண்டிருந்தது. அந்தச் சொல் அதில் மிதப்பதுபோல் இருந்தது. எங்கே பிறந்தாய் என்று அது கேட்கவில்லை. எப்போது வந்தாய் என்று கேட்கவில்லை. வானில் வருபவர்கள் ஒரு நாளும் இங்கே நித்திரை கொண்டதில்லை.

"நல்லாயிருக்கு" என்றாள் கமலாசனி.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் பரமலிங்கத்தின் மனைவி விமலேஸ்வரி, பின்வரிசையில் இருந்து. "ஆனா சொன்ன ஆளைத்தான் முதல்ல ஊரை விட்டுக் கலைக்கோணும். இவர் எங்கை நித்திரை கொள்ளுறார்? விடிய விடிய வீட்டு முத்தத்தில கதிரை போட்டுக் குந்தியிருக்கிறார். நாய்கூடப் படுத்திடும்."

பெரிய சிரிப்பு. பரமலிங்கமும் சிரித்தார்.

அவர் நித்திரையை விட்டுக் கனகாலம். போரின் கடைசி மாதங்களில், பதுங்குகுழியில், ஒருவர் விழித்திருக்க மற்றவர்கள் நித்திரை கொள்வார்கள். முறை மாறும். ஒரு முறை அவருடையதாக இருந்தது. அடுத்த முறை அவருடைய தம்பியுடையது. தம்பி வரவில்லை. பிறகு எல்லாம் முடிந்தது. முகாம், தகரக் கொட்டில், வீடு என்று இடங்கள் மாறின. அவருடைய முறையை மட்டும் ஒருவரும் வந்து வாங்கவில்லை.

கமலாசனி அவருடைய வசனத்தை எழுத்துத் தமிழாக்கிப் பலகையில் எழுதினாள். இவ்வூரில் நித்திரை கொள்பவர் இவ்வூரவர். கைகள் உயர்ந்தன. றம்லாவின் கையும் உயர்ந்தது. அதை எவரும் அப்போது யோசிக்கவில்லை.

மத்தியானம் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். எல்லாரும் சாப்பிட வேண்டும் என்பதற்காக மரக்கறிதான். பூசணி, பருப்பு, முருங்கையிலைச் சுண்டல், அப்பளம். குத்தரிசிச் சோறு கனமாக இறங்கியது. கைகழுவிவிட்டு வந்தவர்கள் பாயில் கால்நீட்டி இருந்தார்கள். வெயில் வெளியே வெள்ளையாக நின்றது. தூரத்தில் ஒரு மயில் வரம்பின்மேல் நடந்து, வரம்பு முடிந்த இடத்தில் நின்று, இனி என்ன செய்வது என்று தெரியாததுபோல் திரும்பியது.

ஆண்டியப்பன்தான் கேட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவருக்கு வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது.

"அப்ப றம்லா அக்கா? அவங்க ராவைக்கு வவுனியாவுலதானே?"

அது எல்லாருக்கும் தெரிந்த விசயம். நிஸாருக்குச் சிறுநீரக வியாதி. வாரத்தில் பாதி நாட்கள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அதற்காக ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருந்தார்கள். பகலில் மகள் நஸீஹா தகப்பனுடன் இருப்பாள். றம்லா முதல் பஸ்ஸில் வீரையடிக்குளத்துக்கு வந்து, விமலேஸ்வரி வீட்டில் வைத்திருக்கும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவாள். பின்னேர பஸ்ஸில் திரும்புவாள். இங்கே அவர்களுடைய வீடு அத்திவாரத்தோடு நின்றது. அத்திவாரத்துக்குள் நாயுருவி முளைத்திருந்தது.

"நானும் இஞ்ச நித்திரை கொள்றனான்தானே" என்றாள் றம்லா.

"எப்ப?"

"மத்தியானம். வரம்பில, மருதமரத்துக்குக் கீழ. சாப்பிட்டுட்டுச் சீலையை விரிச்சா அடிச்சுப் போட்ட மாதிரி."

மறுபடி சிரிப்பு. ஆண்டியப்பன் கை தட்டினார். "சட்டத்துல எடம் இருக்கு அண்ணே. ராத்திரின்னு போடலியே!"

பரமலிங்கம் சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்தார்.

"அது பிழையாப் போச்சு" என்றார். "பகல் நித்திரையும் கணக்கெண்டா, வானில வாறவையும் மரத்துக்குக் கீழ பாய் போட்டுப் படுப்பினம். போட்டுட்டு எங்களிட்டை பங்கு கேப்பினம். கேட்டா என்ன சொல்லுறது?"

அவர் பலகையை விரலால் காட்டினார்.

"ஒரு சொல்லுச் சேர்ப்பம். இரவில் எண்டு."

கமலாசனி சோக்குக்கட்டியை எடுத்தாள். தயங்கினாள். பிறகு வரிக்கு மேலே, ஊரில் என்ற சொல்லுக்கும் நித்திரை என்ற சொல்லுக்கும் நடுவில், சிறிய எழுத்தில் அதை எழுதி, கீழே கூரைபோல் ஒரு செருகற்குறி போட்டாள். இவ்வூரில் இரவில் நித்திரை கொள்பவர்.

"இது திருத்தம்" என்றாள். "கை தூக்கினாத்தான் விதி."

றம்லா எழுந்து நின்றாள். கூட்டங்களில் அவள் எழுந்து நின்றதில்லை. இருந்துகொண்டேதான் பேசுவாள்.

"பரமலிங்கம் அண்ணை. இந்தப் போகம் எனக்குப் பங்கில்லை எண்டா, நான் வந்து போறதில ஒரு அர்த்தமும் இல்லை. அவருக்கு ஏலாது. நான் ஒருத்திதான். விதைப்பில்லாட்டி அங்கயே ஒரு கடையில நிப்பன். பேந்து வரமாட்டம். மாமாட வயல் காடாப் போகும். ரெண்டாம் தரம்."

"தங்கச்சி, உங்களை விழுத்த நான் இதைச் சொல்லேல்லை."

"தெரியும். ஆனா விழுறது நான்தானே."

அவர் நிலத்தைப் பார்த்தார்.

"இன்னொண்டு" என்றாள். "இரவில எண்டு போடுறியள். இரவில நான் எங்க நித்திரை கொள்றன்? அங்க அவருக்கு மூச்சு முட்டும். கால் வீங்கும். பக்கத்தில கதிரையில இருக்கிறன். கண்ணை மூடினா, மூச்சு நிண்டிட்டோ எண்டு பயம். விடியிற வரைக்கும் கேட்டுக்கொண்டு இருக்கிறன். அந்த ஊரில நான் நித்திரை கொண்டதே இல்லை. நித்திரை இஞ்சதான். இஞ்ச மட்டும்தான்."

"அதை ஆர் கண்டது?" என்றார் பரமலிங்கம்.

அவர் அதைக் கடுமையாகச் சொல்ல நினைக்கவில்லை. சட்டத்துக்குச் சாட்சி வேண்டும் என்றுதான் நினைத்தார். சொல் வாயை விட்டுப் போனபின் அது வேறுமாதிரி இருந்தது. றம்லா அரைச்சுவரோரம் திரும்பிப் போய் இருந்தாள்.

பிறகு பலர் பேசினார்கள். சேர்ப்போம் என்றார்கள் சிலர். றம்லாவுக்கு மட்டும் விலக்கு அளித்து ஒரு வரி போடலாம் என்றார் ஒருவர். ஒரு ஆளுக்கென்று சட்டம் போட்டால் நாளைக்கு இன்னொரு ஆளுக்கும் போட வேண்டும் என்றாள் கமலாசனி. காற்று விழுந்திருந்தது. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, அர்த்தம் கழன்று, தேனீக்கள் எங்கோ கூடு கட்டும் சத்தம்போல் ஆயின. தகரத்தின் உட்புறத்தில் வெளிச்சம் அலைந்தது. பாலைமரத்தில் இருந்து ஒரு பழம் கூரையில் விழுந்து உருண்டது. அது உருண்டு முடியும் வரை எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சரி" என்றார் பரமலிங்கம். "கை தூக்குவம். இரவில் எண்ட சொல்லைச் சேர்க்கச் சம்மதமான ஆக்கள்..."

"பொறுங்கோ" என்றார் விமலேஸ்வரி.

அவர் விரலை உதட்டில் வைத்திருந்தார். மறுகையால் பக்கத்தைக் காட்டினார்.

றம்லா நித்திரை.

சுவரில் சாய்ந்தபடி தொடங்கியிருக்க வேண்டும். இப்போது பாயில் சரிந்து, வலது கையைக் கன்னத்துக்குக் கொடுத்து, முழங்காலை மடித்துக் கிடந்தாள். கணுக்காலில் சேறு காய்ந்து வெள்ளைக் கோடாக இருந்தது. தலையிலிருந்து வழுகிய முக்காட்டை விமலேஸ்வரி இழுத்துச் சரிசெய்தார். அவள் அசையவில்லை.

"நடிப்போ?" என்றது ஒரு குரல்.

"வாய் திறந்திருக்கு" என்றார் விமலேஸ்வரி. "பொம்பிளையள் நடிக்கேக்கை வாயை மூடிக்கொண்டுதான் நடிப்பினம்."

சிரிப்பை எல்லாரும் வாய்க்குள் அடக்கினார்கள்.

பரமலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "அப்ப... கை தூக்குவம்."

"ஏலாது அண்ணே" என்றார் ஆண்டியப்பன், அவரும் கிசுகிசுப்பாக. பலகையைக் காட்டினார். "ரெண்டாவது விதி. ஒருத்தரப் பத்தி அவர் கேக்காத எடத்துல தீர்மானம் எடுக்கக் கூடாது."

"இஞ்சதானே இருக்கிறா."

"இருக்காங்க. கேக்கல."

பரமலிங்கம் கமலாசனியைப் பார்த்தார். கமலாசனி பலகையைத் திரும்பவும் வாசித்தாள், உதடுகள் மட்டும் அசைய.

"கேளாத இடம் எண்டுதான் இருக்கு, ஐயா" என்றாள்.

"அப்ப எழுப்புங்கோ."

யாரும் எழவில்லை. ஒருவர் மற்றவரைப் பார்த்தார்கள். விடியற்காலையில் எழுந்து, சமைத்துவைத்து, பஸ் பிடித்து, வயலில் நின்று, கூட்டத்துக்கு வந்த ஒருத்தியை, அவளை ஊரை விட்டு நீக்கலாமா என்று கேட்பதற்காக எழுப்ப வேண்டும்.

"கூட்டத்தை ஒத்திவைப்பம்" என்றார் பரமலிங்கம்.

"அதுவும் தீர்மானம்தானே" என்றார் ஆண்டியப்பன். "ஒத்திவச்சா பங்கு பிரிக்கிறது பிந்தும். அவங்கட பங்கும் பிந்தும். அப்ப அவங்களப் பத்தினதுதான்."

"நீ சட்டத்தரணிக்குப் படிச்சிருக்கலாம்."

"படிக்க விட்டாங்களா?"

எனவே இருந்தார்கள். எழுப்ப முடியாது, பேச முடியாது, கலைய முடியாது. தாங்கள் எழுதிய ஒரு வரிக்குள் தாங்களே அகப்பட்டு இருந்தார்கள். அது வருத்தமாக இல்லை. அப்படி ஒரு பின்னேரம் அவர்களுக்கு நெடுநாளாகக் கிடைத்ததில்லை. ஒருவர் ஒரு பனையோலையை எடுத்து விசிறினார், காற்று றம்லாவின் பக்கம் போகும்படி. ஒரு குழந்தை அழ வாயெடுத்தது. தாய் அதைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டுக்குப் போனாள். கட்டின்மேல் அவள் போவது தண்ணீரிலும் தெரிந்தது. இரண்டு தாய்மார், இரண்டு குழந்தைகள். வெயில் மஞ்சளாகி, பிறகு இன்னும் மஞ்சளாகி, அரைச்சுவரைத் தாண்டி உள்ளே வந்து, பாயின் விளிம்பில் படுத்தது. ஒருவர் எழுந்து, வெயில் றம்லாவின் முகத்தைத் தொடாதபடி ஒரு கோணிச் சாக்கைத் தொங்கவிட்டார். இன்னும் சிலருக்குக் கண் சொருகியது. அவர்களையும் ஒருவரும் எழுப்பவில்லை.

பரமலிங்கம் மட்டும் நிமிர்ந்து இருந்தார். அது அவருக்குப் பழக்கம்.

பஸ் வரும் சத்தம் காட்டுக்குள் கேட்டது.

பின்னேர பஸ் முன்பள்ளிக்கு முன்னால் உள்ள வீரைமரத்தைச் சுற்றித் திரும்பும். திரும்பும்போது மறுகரை வரை கேட்க ஹோன் அடிக்கும். ஆண்டியப்பன் எழுந்து ஓடினார். செருப்பு இல்லாமல், இரண்டு கைகளையும் விரித்து, புழுதிக்கு நடுவில், யானையை மறிப்பவர்போல் நின்றார். பஸ் நின்றது. கொண்டக்டர் சுகிர்தன் படியிலிருந்து குதித்தான்.

"என்ன அண்ணை? செத்தவீடோ?"

"மெல்ல. கூட்டம் நடக்குது."

சுகிர்தன் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஆர் கதைக்கினம்?"

"ஒருத்தரும் இல்ல. அந்த அக்கா நித்திரை."

சுகிர்தன் மறுபடி பார்த்தான். ஒவ்வொரு நாளும் கடைசி ஆசனத்தில் நிமிர்ந்தே இருந்து வரும் பெண். பஸ்ஸில் அவள் ஒரு நாளும் கண்ணயர்ந்து அவன் கண்டதில்லை. போய்ச் சாரதியிடம் ஏதோ சொன்னான். எஞ்சின் நின்றது. அதன் பிறகு வந்த அமைதியில் குளம் கொஞ்சம் பெரிதானதுபோல் இருந்தது. பயணிகள் இரண்டு மூன்று பேர் இறங்கி, தண்ணீரில் முகம் கழுவி, குளக்கட்டில் இருந்தார்கள். என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். ஊரில் சட்டம் எழுதுகிறார்கள் என்று தெரிந்ததும் அவர்களும் மெல்லப் பேசினார்கள்.

"கனநேரம் நிக்க ஏலாது, ஐயா" என்று சுகிர்தன் பரமலிங்கத்திடம் வந்து சொன்னான். "இருண்டா வழியில யானை."

எல்லாரும் பரமலிங்கத்தைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்தார். பாயைச் சுற்றிப் போய், றம்லாவின் கால்மாட்டில் நின்றார். தொட்டு எழுப்ப முடியாது. பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். தங்கச்சி என்று கூப்பிடலாம். அவர் வாயைத் திறந்தார்.

அந்த நாட்களில் குழிக்குள் எழுப்புவதற்கு ஒரு முறை இருந்தது. சத்தம் போடக் கூடாது. பாதத்தை ஒருமுறை அழுத்துவது. நித்திரையில் இருப்பவர் உடனே எழுந்து, எங்கே என்று மட்டும் கேட்பார். குண்டு எங்கே விழுந்தது, எங்கே போக வேண்டும். அவர் எத்தனையோ பேரை அப்படி எழுப்பியிருக்கிறார். யோசித்துப் பார்த்தார். நல்ல செய்தி சொல்ல ஒருவரையும் எழுப்பியதில்லை.

றம்லா மூச்சு விட்டாள். உள்ளே போனது, கொஞ்சம் தங்கியது, வெளியே வந்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவள் இரவு முழுவதும் இன்னொருவருடைய மூச்சை இப்படித்தான் கேட்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கேட்பவருக்கு நித்திரை வராது. தெரியும். இப்போது அவளுடைய மூச்சை ஊர் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் அவளுக்கு வந்திருக்கிறது.

அவர் வாயை மூடிக்கொண்டு கதிரைக்குத் திரும்பினார்.

"என்ன?" என்றார் விமலேஸ்வரி, கண்ணால்.

"திருத்தத்தை நான் திருப்பி எடுக்கிறன்" என்றார் பரமலிங்கம், மெல்ல. "இரவில் எண்ட சொல்லு வேண்டாம்."

ஆண்டியப்பன் தலையைச் சொறிந்தார். "அதுவும் அவங்களப் பத்தினதுதானே அண்ணே. கேக்காம எப்படி?"

"இல்லை. அது நான் சொன்ன சொல்லு. என்ர சொல்லை நான் எடுக்கிறன். அது என்னைப் பற்றினது. நான் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன்."

ஆண்டியப்பன் அதை யோசித்தார். பலகையை ஒருமுறை பார்த்தார். வாய்க்குள் இருந்த வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"சரிதான்" என்றார்.

"அப்ப வானில வாறவை?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். "அவையும் பகல்ல வந்து படுத்தா?"

பதில் சொன்னது விமலேஸ்வரி. "வந்து படுக்கட்டும். ஆனா கம்பிக்கு உள்ளுக்கை இல்லை. இப்பிடி, எங்களுக்கு நடுவில, வெறும் பாயில. நித்திரை வந்தா அவையும் ஊரவைதான். வருமோ எண்டு பாப்பம்."

அதற்கு எதிராக ஒருவரும் பேசவில்லை. கமலாசனி அழிப்பானை எடுக்கப் போனாள். அது பலகையில் தட்டும் என்று பயந்து அதை வைத்துவிட்டு, சுட்டுவிரலால் அந்தச் சொல்லைத் தடவினாள். ஒரு சின்ன வெள்ளைப் புகை. விரலைச் சீலையில் துடைத்தாள்.

பரமலிங்கம் கொட்டாவி விட்டார். விமலேஸ்வரி அதைக் கண்டார்.

றம்லா தானாகத்தான் விழித்தாள். சத்தத்தால் அல்ல, சத்தம் இல்லாததால். கண்ணைத் திறந்தபோது சுற்றிவர ஆட்கள். ஒருவரும் பேசவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கணம் அவள் எந்த ஊரில் எந்த வருடத்தில் இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்து முக்காட்டைத் தேடினாள். அது தலையிலேயே இருந்தது.

"அல்லாவே. நித்திரையாப் போனனோ? ஏன் ஒருத்தரும் எழுப்பேல்லை?"

"மனம் வரேல்லை" என்றார் விமலேஸ்வரி.

றம்லா பலகையைப் பார்த்தாள். வரியை வாசித்தாள். ஊரில் என்ற சொல்லுக்கும் நித்திரை என்ற சொல்லுக்கும் நடுவில் வெறும் இடம் இருந்தது. அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பரமலிங்கத்தைப் பார்த்தாள். அவர் கதிரையைச் சரிசெய்வதுபோல் குனிந்தார்.

"அப்ப பங்கு?" என்றாள்.

"துருசுக்குக் கிழக்கால" என்றார். "ஆண்டியப்பனுக்குப் பக்கத்தில. அவன்ர வாயைப் பொறுக்கோணும்."

"எனக்குப் பிரச்சினை இல்ல" என்றார் ஆண்டியப்பன். "நான் கதைக்கிறப்ப அவங்க தூங்கலாம்."

இப்போது சத்தமாகச் சிரித்தார்கள். நித்திரையில் இருந்த மற்றவர்கள் திடுக்கிட்டு எழும்பினார்கள். சுகிர்தன் மரத்தடியில் இருந்து கை காட்டினான். எஞ்சின் உறுமியது. குளக்கட்டில் இருந்த பயணிகள் ஏறினார்கள். றம்லா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, புழுதிக்குள் அரை ஓட்டமாகப் போனாள். கடைசி வெயிலில் புழுதி பொன்னிறமாக எழுந்து அவளைப் பாதி மறைத்தது.

படியில் ஒரு காலை வைத்தபடி நின்று திரும்பினாள்.

"அண்ணை! வாய்க்கால் துப்புரவாக்கிறது நாளைக்குத்தானே? எத்தினை மணிக்கு?"

"விடிய ஆறுக்கு."

"முதல் பஸ் வாறதே ஏழுக்கு."

பரமலிங்கம் கொட்டில் வாசலில் நின்றார். பின்னால் ஊர் நின்றது. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப ஏழுக்கு" என்றார்.

"வெயில் ஏறிருமே அண்ணே" என்றார் ஆண்டியப்பன்.

"ஏறட்டும்."